இத்தாலியப் பண்ணைவீட்டில் தங்கிக் கைகொடுக்க: முதல்முறை போகிறவர்களுக்கு

இத்தாலியில் ‘அக்ரிதூரிஸ்மோ’ என்று பலகை மாட்டியிருக்கும் வீடு ஓட்டல் இல்லை. அது ஒரு விவசாயியின் வீடு. ஆலிவ் தோப்பு, திராட்சை, ஆடு, கோழி எல்லாம் முதலில். வாடகைக்கு விடும் நாலைந்து அறைகள் அப்புறம்தான். சட்டமும் அப்படித்தான் சொல்கிறது. 1985-இல் இதற்கென்று முதல் சட்டம் வந்தது. அதன் இடத்தில் 2006-இல் வந்த 96-ஆம் எண் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. விருந்தினர் தொழிலைவிட விவசாயம் பெரிதாக இருந்தால்தான் அந்தப் பெயரையே பயன்படுத்த முடியும். நாடு முழுக்க இப்படி 25,000-க்கும் மேற்பட்ட வீடுகள் உண்டு. டஸ்கனியில்தான் அதிகம். அதற்கு அடுத்தபடி வடக்கே ஆல்ப்ஸ் பக்கம், ஜெர்மன் பேசும் தென் டிரோல்.

இதனால் வீட்டை நடத்துகிறவருக்கு இரண்டு முழுநேர வேலை. பெரும்பாலும் அது ஒரு பெண். வீட்டம்மா என்றே வைத்துக்கொள்வோம். காலை எட்டு மணிக்கு விருந்தினருக்குக் காபியும் கேக்கும் வைப்பார். ஒன்பதுக்குக் கோழிக்கூட்டைத் திறக்க வேண்டும், பத்துக்கு அறை காலியாகும், பதினொன்றுக்குக் கால்நடை மருத்துவர் வருவார். நடுவில் போன் அடித்தபடி இருக்கும். உதவிக்கு ஆள் வந்தால் அவருக்குச் சந்தோஷம்தான். ஆனால் வந்த ஆளை உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்க அவரிடம் நேரம் இருக்காது. அவர் நேரத்தைத் தின்னாமல் உதவுவது எப்படி என்று தெரிந்துகொண்டு போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

முதலில் விசா

சலிப்பான விஷயம்தான். ஆனால் இதைத் தாண்டாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை.

இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் உள்ளவர்கள் ஷெங்கன் சுற்றுலா விசாவில் போனால் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாள்வரை தங்கலாம். வேலை பார்க்கக் கூடாது. ‘சம்பளமா வாங்குகிறோம், சாப்பாடும் படுக்கையும்தானே’ என்று நாம் நினைக்கலாம். குடியேற்ற அதிகாரியோ தொழிலாளர் ஆய்வாளரோ அப்படி நினைப்பார் என்று சொல்ல முடியாது. விருந்தினர் அறையைத் துடைப்பதும் மேசையில் பரிமாறுவதும் அந்த ஊரில் சம்பளத்துக்கு ஆள் வைத்துச் செய்யும் வேலைகள். கேள்வி வந்தால் அபராதம் வீட்டம்மாவுக்கு, அடுத்த விசாவில் சிக்கல் உங்களுக்கு.

ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை இருந்தால் இந்தத் தலைவலி இல்லை. ஆஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து போன்ற சில நாடுகளோடு இத்தாலிக்கு ‘வொர்க்கிங் ஹாலிடே’ ஒப்பந்தம், அதாவது இளைஞர்கள் சுற்றிப் பார்த்துக்கொண்டே வேலையும் செய்ய வழிவிடும் ஒப்பந்தம், இருக்கிறது. அந்த நாட்டுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம் பிள்ளைகள் வயது வரம்பைப் பார்த்துவிட்டு அதில் போகலாம். இந்தியாவும் இலங்கையும் அந்தப் பட்டியலில் இல்லை. இத்தாலியிலேயே படிக்கும் மாணவர்களுக்கு வாரம் 20 மணி நேரம்வரை வேலை செய்ய அனுமதி உண்டு. அவர்கள் முறைப்படி ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் சம்பளமும் வாங்கலாம். பிரான்ஸ், ஜெர்மனியில் வதிவிட அனுமதியோடு இருப்பவர்கள் விசா இல்லாமல் இத்தாலிக்குப் போய்வரலாம். அந்த அனுமதி அங்கே வேலை செய்யும் உரிமையைத் தராது.

அப்படியானால் சென்னையிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ போகிறவர் என்ன செய்வது? என் கருத்து இதுதான்: பணம் கட்டித் தங்குங்கள். ஒரு வாரமோ பத்து நாளோ, சீசன் இல்லாத மாதத்தில், விலை குறைவாகக் கிடைக்கும். அறுவடையில் கலந்துகொள்ள ஆசை என்று முன்கூட்டியே எழுதுங்கள். ஆலிவ் பறிப்பு, ரொட்டி சுடுவது, பாலாடைக்கட்டி செய்வது என்று பல வீடுகள் விருந்தினருக்கென்றே நடத்துகின்றன. விண்ணப்பத்தில் ‘சுற்றுலா’ என்று எழுதுவதும் அப்போது உண்மையாகவே இருக்கும். விசாக் கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடையில் விண்ணப்பம் கொடுக்க நேரம் கிடைப்பது கஷ்டம், சீக்கிரமே பதிவு செய்துவிடுங்கள்.

‘இத்தாலியில் பண்ணை வேலை, விசாவோடு, இத்தனை லட்சம்’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். பருவகால வேலை விசாவுக்கு முதலாளி அங்கே விண்ணப்பித்து, அரசு ஒதுக்கீட்டில் அனுமதி வாங்கி அனுப்ப வேண்டும். இடைத்தரகர் விற்கும் சரக்கு இல்லை அது. ரோமுக்குத் தெற்கே லத்தீனா மாவட்ட வயல்களில் இந்தியத் தொழிலாளர்கள், பெரும்பாலும் பஞ்சாபிகள், இப்படிக் கடன்பட்டு வந்து மாட்டிக்கொண்ட கதைகள் நிறைய. 2024 ஜூனில் அங்கே எந்திரத்தில் கை துண்டான ஒரு தொழிலாளியை மருத்துவமனைக்குக் கொண்டுபோகாமல் வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள்; அவர் இறந்துபோனார். கைகொடுப்பதும் கொத்தடிமை வேலையும் ஒரே வயலில் நடக்கக்கூடியவை என்பதை மறக்க வேண்டாம்.

இனி வருவது விசா தடையில்லாதவர்களுக்கும், விருந்தினராகப் போய் ஆசைக்குக் கைகொடுப்பவர்களுக்கும் பொது. எது எவருக்கு என்பதைப் பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டைத் தேடுவது

உதவ வருபவரையும் பண்ணைக்காரரையும் சேர்த்துவைக்கும், 1971-இல் பிரிட்டனில் தொடங்கிய ‘வூஃப்’ அமைப்புக்கு இத்தாலியில் தனிச் சங்கம் உண்டு. இயற்கை விவசாயப் பண்ணைகள் மட்டும் அதில் இருக்கும். ஆண்டுச் சந்தா கட்டினால்தான் பண்ணைகளோடு தொடர்பு கொள்ள முடியும். ‘வொர்க்அவே’, ‘ஹெல்ப்எக்ஸ்’ தளங்களில் பண்ணை, விடுதி, குடும்பம் எல்லாம் கலந்து கிடக்கும். பொதுவான வழக்கம்: ஒரு நாளைக்கு நாலைந்து மணி நேர உதவி, வாரம் ஐந்து நாள், பதிலுக்குச் சாப்பாடும் படுக்கையும்.

விமர்சனங்களைப் படிக்கும்போது ‘அற்புதமான இடம், அன்பான மனிதர்கள்’ வகையறாவைத் தாண்டிப் போங்கள். எத்தனை மணிக்கு வேலை முடிந்தது, வீட்டாரோடு சேர்ந்து சாப்பிட்டார்களா, விடுமுறை நாளில் ஊருக்குப் போக வழி இருந்ததா என்று எழுதியிருப்பதைத் தேடுங்கள். பத்து அறை, நீச்சல் குளம், உணவகம், உதவியாளர் ஆறு பேர், சம்பளத்துக்கு ஒருவர்கூட இல்லை என்றால் அது ஆள்கூலியை மிச்சம் பிடிக்கிற வீடு. தாண்டிப் போய்விடுங்கள்.

கடிதம் சின்னதாக இருக்கட்டும். வாழ்க்கை வரலாறு வேண்டாம். அவர் அதை அடுப்படியில் நின்றுகொண்டு போனில் படிக்கப் போகிறார். இப்படிப் போதும்:

‘செப்டம்பர் 15 முதல் 30 வரை வர முடியும். தோட்ட வேலை, துணி, பாத்திரம், கோழி பராமரிப்பு செய்வேன். கார் ஓட்டத் தெரியாது. இறைச்சி, மீன் சாப்பிட மாட்டேன். முட்டை, பால் உண்டு. நாய் என்றால் பயமில்லை. ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், எந்த நாள் விடுமுறை, அறை தனியா, பக்கத்து ரயில் நிலையம் எது என்று சொன்னால் நல்லது.’

மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டு இத்தாலியனில் அனுப்புங்கள். வாக்கியம் சின்னதாக இருந்தால் செயலி சொதப்பாது. பதில் இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் குரல்பதிவாக வரலாம். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல், பேசி முடிவான மணி நேரம், விடுமுறை, தேதிகளை மட்டும் நீங்களே எழுத்தில் திருப்பி அனுப்பி ‘சரிதானே?’ என்று கேட்டுவிடுங்கள். பின்னால் மனஸ்தாபம் வந்தால் கைகொடுப்பது அந்த ஒரு செய்திதான்.

எந்த மாதம்

முதல்முறை ஆகஸ்டில் போகாதீர்கள். 15-ஆம் தேதி ‘ஃபெர்ரகோஸ்தோ’ பண்டிகை. அதையொட்டி நாடே விடுமுறையில் இருக்கும், அறைகள் நிரம்பி வழியும், வெயில் மண்டையைப் பிளக்கும். வீட்டம்மாவுக்குப் பேசக்கூட நேரம் இருக்காது. மே மாதம் நல்லது. செப்டம்பர் நடுவிலிருந்து அக்டோபர் தொடக்கம்வரை திராட்சை அறுவடை. அக்டோபர் கடைசியும் நவம்பரும் ஆலிவ். ஆலிவ் காலத்தில் விருந்தினர் குறைவு, வேலை அதிகம், குளிர் தொடங்கியிருக்கும். ஆனால் குடும்பத்தோடு உண்மையாகப் பழகக் கிடைப்பது அப்போதுதான்.

போய்ச் சேர்வது

சனிக்கிழமை போய் இறங்காதீர்கள். காரணம் கீழே வரும்.

பண்ணைவீடுகள் பெரும்பாலும் பஸ் போகாத மேட்டில்தான் இருக்கும். டஸ்கனி, உம்பிரியா பக்கம் என்றால் பிளாரன்ஸ்–ரோம் பாதையில் தெரோந்தோலா, சியூசி, ஓர்வியேத்தோ மாதிரி ஒரு நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து யாராவது காரில் அழைத்துப் போக வேண்டியிருக்கும். அவர் சந்தைக்கு வரும் நேரத்துக்கு உங்கள் ரயிலைப் பொருத்திக்கொண்டால் பாதி நாள் மிச்சம் அவருக்கு. கிராமத்து பஸ் அட்டவணையில் ‘ஃபெரியாலே’ என்றிருந்தால் திங்கள் முதல் சனிவரை, ‘ஃபெஸ்தீவோ’ என்றால் ஞாயிறும் பண்டிகை நாளும். ‘ஸ்கொலாஸ்தீகோ’ என்று இருந்தால் பள்ளிக்கூடம் நடக்கும் நாளில் மட்டும்தான் வண்டி. கோடையில் அந்த பஸ்ஸுக்குக் காத்திருந்து பயனில்லை.

உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால் ஏறுவதற்கு முன் பிளாட்பாரத்தில் இருக்கும் சின்ன எந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ளுங்கள். டிக்கெட் இருந்தும் முத்திரை இல்லையென்றால் அபராதம். ரயில் வேலைநிறுத்தம் வெள்ளிக்கிழமைகளில் அடிக்கடி வரும். வார நாள் என்றால் காலை 6 முதல் 9, மாலை 6 முதல் 9 மணிவரை உள்ளூர் ரயில்கள் ஓரளவு ஓடியாக வேண்டும் என்று விதி இருக்கிறது. அந்த நேரத்துக்குள் பயணத்தை வைத்துக்கொள்ளலாம்.

பெட்டியில் என்ன வைப்பது? பழைய முழுக்கால் பேண்ட், கணுக்காலை மூடும் ஷூ, தொப்பி, மழைக்கோட்டு, டெட்டனஸ் ஊசி போட்ட உடம்பு. போதும்.

முதல் நாள்

உள்ளே நுழையும்போது கதவு திறந்தே இருந்தாலும் ‘பெர்மெஸ்ஸோ?’ (உள்ளே வரலாமா?) என்று கேட்டுவிட்டு நுழையுங்கள். பார்த்தவர்கள் எல்லாருக்கும், நாய்க்காரத் தாத்தாவுக்கும் சேர்த்து, ஒரு ‘புவோன்ஜோர்னோ’ (வணக்கம்).

பாஸ்போர்ட்டை ஒரு நிமிடம் கேட்பார்கள். விருந்தினர் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் போலீஸின் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த ஒருவரை வீட்டில் வைத்திருந்தால் 48 மணி நேரத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். இது அவர்கள் கடமை. கேட்கவே இல்லை என்றால் நீங்களே நினைவூட்டுங்கள். ‘நானே பத்திரமாக வைத்திருக்கிறேன்’ என்று வாங்கி வைத்துக்கொள்ள மட்டும் விடாதீர்கள்.

அப்புறம் வீட்டைச் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் மூன்று விஷயத்தைத் தெரிந்துகொண்டால் அந்த வாரம் முழுக்க அவரைத் தொந்தரவு செய்ய வேண்டியிருக்காது.

ஒன்று, மின்சாரம். இத்தாலிய வீடுகளுக்கு வழக்கமான இணைப்பு 3 கிலோவாட்தான். ஓவனும் வாஷிங்மெஷினும் ஓடும்போது யாராவது ஹேர் டிரையரைப் போட்டால் வீடே இருட்டாகும். பண்ணைவீட்டில் கொஞ்சம் கூடுதல் இருக்கலாம், விருந்தினரும் கூடுதல். எதை எதோடு சேர்த்து ஓட்டக் கூடாது, மீட்டர் பெட்டி எங்கே இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். சில வீடுகளில் மீட்டர் அரை கிலோமீட்டர் தள்ளி மண்சாலை முனையில் இருக்கும். ராத்திரி டார்ச்சோடு நடக்க வேண்டி வரும்.

இரண்டு, குப்பை. உணவுக் கழிவு, காகிதம், பிளாஸ்டிக், கண்ணாடி, மற்றவை என்று பிரித்தாக வேண்டும். எந்தக் கிழமை எந்த வாளி வாசலுக்குப் போகும் என்ற அட்டவணை ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கும். அதைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாளியின் நிறம் ஊருக்கு ஊர் மாறும். பக்கத்து ஊரில் கற்றது இங்கே செல்லாது. வண்டி விட்டுவிட்டுப் போன உணவுக் கழிவு ஜூலையில் மூன்று நாள் கிடந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இரவில் வாளியை வெளியே வைக்கும் பொறுப்பை நீங்களே எடுத்துக்கொண்டால் அன்றே அந்த வீட்டில் உங்கள் மதிப்பு ஏறிவிடும்.

மூன்று, கழிவுநீர். ஊர்ச் சாக்கடை இல்லாததால் செப்டிக் தொட்டிதான். ஈரத் துடைப்பத்தாள், பஞ்சு, சமையல் எண்ணெய் எதுவும் உள்ளே போகக் கூடாது.

நமக்கு ஒரு நல்ல செய்தியும் உண்டு. 1975-லிருந்து இத்தாலிய வீடுகளில் ஒரு குளியலறையிலாவது ‘பிதே’, அதாவது உட்கார்ந்து கழுவிக்கொள்ளும் தாழ்வான தொட்டி, இருக்க வேண்டும் என்பது அரசாணை. ஐரோப்பாவில் பல இடங்களில் கிடைக்காத நிம்மதி. அதன் பக்கத்தில் தொங்கும் சின்னத் துண்டில் முகம் துடைக்காதீர்கள், அவ்வளவுதான்.

சனிக்கிழமை

சீசனில் அறைகளைச் சனி முதல் சனிவரை வாரக் கணக்கில் விடுவது பரவலான வழக்கம். காலை பத்து மணிக்குப் பழையவர்கள் கிளம்புவார்கள், மூன்று நாலு மணிக்குப் புதியவர்கள் கார் வந்து நிற்கும். நடுவில் ஐந்து மணி நேரம். அதற்குள் எல்லா அறையும் தயாராக வேண்டும். நம் ஊர்க் கல்யாண மண்டபத்தில் ஒரு முகூர்த்தம் முடிந்து அடுத்த பார்ட்டி வாசலில் நிற்கும் நேரம் மாதிரிதான். வீட்டம்மாவின் குணம் சனிக்கிழமை வேறு, மற்ற நாள் வேறு. அன்றைக்கு அவர் சொல்லும் எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் அறையை அவர் முடித்ததும் கட்டில், குளியலறை, சமையல் மேடை மூன்றையும் படம் எடுத்துவிடுங்கள். தலையணையின் திறந்த பக்கம் எந்தப் பக்கம், மேல்விரிப்பை எவ்வளவு மடித்துவிடுகிறார், சோப்பு எந்த மூலையில் என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வழக்கம் இருக்கும். இரண்டாவது அறையிலிருந்து அந்தப் படத்தைப் பார்த்தே செய்யலாம். ஓடி ஓடிக் கேட்க வேண்டாம்.

வரிசை முக்கியம். நுழைந்ததும் மரக்கதவையும் ஜன்னலையும் திற. கட்டிலை உரித்து விரிப்புகளை உடனே மெஷினுக்கு அனுப்பு, ஏனென்றால் அன்றைய தடங்கலே மெஷின்தான். அது ஒரு நிமிடம்கூடச் சும்மா நிற்கக் கூடாது. ஒயின் கறை, சன்கிரீம் கறை பட்டதைத் தனியே போடு. பிறகு மேலிருந்து கீழ்: ஒட்டடை, அலமாரி, மேசை, கடைசியில் தரை. கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்க்காமல் அறையை முடித்ததாகச் சொல்லாதீர்கள். சார்ஜர், குழந்தை பொம்மை, ஒற்றைச் செருப்பு ஏதாவது ஒன்று கட்டாயம் இருக்கும்.

குளியலறையில் ஒரு எச்சரிக்கை. மத்திய இத்தாலியில் பல இடங்களில் தண்ணீர் கடினத் தண்ணீர். குழாயிலும் ஷவர் கண்ணாடியிலும் வெள்ளையாக உப்புப் படியும். அதற்கு வினிகரோ, கடையில் விற்கும் உப்புநீக்கித் திரவமோ போடுவார்கள். நன்றாகப் போகும். ஆனால் அது மார்பிள் மேலோ டிராவர்ட்டீன் கல்லின் மேலோ பட்டால் கல்லின் பளபளப்பை அரித்துவிடும். பழைய வீடுகளில் வாஷ்பேசினைச் சுற்றியும் ஜன்னல் திண்டிலும் அந்தக் கல்தான். எந்தப் பாட்டில் எதற்கு என்று கேட்காமல் தெளிக்காதீர்கள்.

விரிப்புகளை வெளியே கொடியில் போடும்போது ஓரத்தை ஓரத்தோடு சேர்த்து, இழுத்து, சுருக்கமில்லாமல் கிளிப் மாட்டுங்கள். வெயிலில் சீக்கிரமே காய்ந்துவிடும். காய்ந்த கையோடு இரண்டு பேராக நின்று இழுத்து மடித்தால் பாதி இஸ்திரி மிச்சம். ஒரு ஆளுக்குப் பெரிய துண்டு, முகத்துண்டு, பிதே துண்டு என மூன்று. நீச்சல் குளத்துத் துண்டு வேறு நிறத்தில் இருக்கும், கலக்கக் கூடாது. கடைசியாக, அடுப்பில் வைத்துக் காபி போடும் மோக்கா பாத்திரத்தைத் திறந்து பாருங்கள். முந்தின வாரத்துக் காபித்தூள் உள்ளேயே பூத்திருக்கும். வெந்நீரில் கழுவித் துடைத்து வைத்தால் போதும். அதற்கு சோப்புப் போடுவது பல இத்தாலியர்களுக்குப் பிடிக்காது.

கேள்விகளைச் சேர்த்து வையுங்கள். பதினொரு மணி வாக்கில் அவர் நின்றபடியே ஒரு காபி குடிப்பார். எல்லாவற்றையும் அப்போது கேட்டுவிடலாம்.

அடுப்படியும் சாப்பாடும்

வியாபாரமாகச் சாப்பாடு கொடுக்கும் இடத்தில் உணவைக் கையாள்பவர் சுகாதாரப் பயிற்சிச் சான்று பெற்றிருக்க வேண்டும். ஆகவே விருந்தினருக்கான சமையல் உங்கள் பொறுப்பாக வரக் கூடாது. வீட்டாருக்கான சமையலில் பூண்டு உரிப்பது, கீரை அலசுவது, மேசை போடுவது, பாத்திரம் கழுவுவது என்று தாராளமாகக் கை வைக்கலாம். பாஸ்தா கொதிக்கும் பாத்திரத்தை மட்டும் அவரிடமே விட்டுவிடுங்கள். ஸ்பாகெட்டியை உடைத்துப் போடுவது, தண்ணீரில் எண்ணெய் விடுவது எல்லாம் அந்த வீட்டில் பல வருடம் பேசப்படும் குற்றங்கள்.

மதியச் சாப்பாடு ஒரு மணி, இரவுச் சாப்பாடு எட்டுக்கு மேல். காலையில் இட்லி மாதிரி வயிறு நிறைய எதிர்பார்க்காதீர்கள். காபியும் பிஸ்கட்டும் ஜாம் தடவிய ரொட்டியும்தான். டஸ்கனி, உம்பிரியா ரொட்டியில் உப்பே இருக்காது. அது கெட்டுப்போனது இல்லை, அப்படித்தான்.

சைவர்கள் ‘வெஜிடேரியன்’ என்று சொல்லி நிறுத்தக் கூடாது. ‘நியென்தே கார்னே, நியென்தே பெஷே’, இறைச்சியும் வேண்டாம் மீனும் வேண்டாம், என்று பிரித்துச் சொல்லுங்கள். அப்புறமும் காய்கறி சூப்பில் இறைச்சி வேகவைத்த தண்ணீர், பீன்ஸில் பன்றிக்கொழுப்புத் துண்டு, தக்காளிச் சாற்றில் நெத்திலி மாதிரி ஒரு மீன் கரைந்திருக்கலாம். அவர்கள் அதை ருசிக்குப் போட்டதாக நினைப்பார்களே தவிர இறைச்சியாக எண்ண மாட்டார்கள். பர்மிஜானோ ரெஜ்ஜானோ பாலாடைக்கட்டியில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த உறைபொருள் சேரும். விதிப்படியே அப்படித்தான் செய்ய வேண்டும். கண்டிப்பான சைவர்கள் இதைத் தெரிந்து முடிவெடுங்கள். மற்றபடி பட்டினி கிடக்க மாட்டீர்கள். பழைய ரொட்டியும் கறுப்பு முட்டைக்கோஸும் பீன்ஸும் போட்ட டஸ்கனி ‘ரிபொல்லீத்தா’, புலியாவின் மொச்சைப் பருப்பு மசியலும் கசப்புக்கீரையும், லிகூரியாவின் கடலைமாவு ‘ஃபரினாத்தா’ எல்லாம் ஏழை விவசாயிகளின் சைவச் சாப்பாடுதான், நம் நாக்குக்கும் ஒட்டும்.

ஒரு நாள் நீங்கள் சமைக்கிறேன் என்றால் மகிழ்வார்கள். முந்தைய நாளே சொல்லிவிடுங்கள், சனிக்கிழமை வேண்டாம். எலுமிச்சை சாதம், பருப்பு, உருளைக்கிழங்கு வறுவல் எப்போதும் எடுபடும். சூப்பர்மார்க்கெட்டில் பாஸ்மதி கிடைக்கும். ரிசோத்தோ அரிசியில் சாதம் வடித்தால் குழைந்துவிடும். கடுகு, பெருங்காயம், காய்ந்த கறிவேப்பிலை கையோடு கொண்டுபோங்கள். மிளகாயைத் தாளிக்கும் முன் ஜன்னலைத் திறந்து, மேல்மாடி அறையில் விருந்தினர் இருக்கிறார்களா என்று ஒரு பார்வை. அவர்கள் இருமிக்கொண்டே இறங்கி வந்தால் வீட்டம்மாவுக்குத்தான் சங்கடம்.

ஆலிவ் தோப்பில்

வயல் வேலையில் புதியவருக்கு ஏற்றது ஆலிவ் பறிப்புத்தான். மரத்தடியில் பெரிய வலையை விரிப்பார்கள். சரிவு நிலமென்றால் கீழ்ப்பக்க ஓரத்தைக் குச்சி வைத்துத் தூக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் காய் உருண்டு ஓடிவிடும். இரண்டு வலை சேரும் இடத்தில் மேட்டுப்பக்க வலை மேலே வரட்டும். சிறு கைச்சீப்பால் கிளையை மேலிருந்து கீழாக வருடினால் காய் பொலபொலவென்று கொட்டும். மின்சாரத்தில் அதிரும் நீளமான கம்பு வைத்திருப்பவர் பக்கத்தில் நிற்காதீர்கள். வலைமேல் நடக்க நேர்ந்தால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்தபடி நகருங்கள். மிதிபட்ட காய் புளித்து எண்ணெயைக் கெடுக்கும். காயைச் சாக்கில் கட்டாமல் காற்றோட்டமான பெட்டிகளில் நிரப்பி, முடிந்தால் அன்றிரவே ஆலைக்குக் கொண்டுபோவார்கள். நூறு கிலோ காய்க்குப் பன்னிரண்டு பதினைந்து லிட்டர் எண்ணெய் வந்தால் சந்தோஷம். ‘நானும் வரட்டுமா?’ என்று கேட்டு அந்த ஆலைக்குக் கட்டாயம் போங்கள். பச்சைப்பசேலென்று குழாயிலிருந்து இறங்கும் எண்ணெயைச் சுட்ட ரொட்டியில் ஊற்றித் தருவார்கள். தொண்டையில் மிளகுபோல் காந்தும், அதுதான் நல்ல எண்ணெய்.

டிராக்டர், செயின்சா, திராட்சைக்கு அடிக்கும் மருந்து மூன்றையும் தொடாதீர்கள், கேட்டுக்கொண்டாலும் சரி. சரிவில் டிராக்டர் கவிழ்ந்து ஆள் இறந்த செய்தி இத்தாலியில் அடிக்கடி வரும். புல்லில் நடந்துவிட்டு வந்தால் முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் எல்லாம் உண்ணி பார்க்க வேண்டும். செப்டம்பர் மூன்றாம் ஞாயிறிலிருந்து ஜனவரி முடிய வேட்டைக் காலம். காட்டுப்பன்றி சுடுகிறவர்கள் தோப்போரம் திரிவார்கள். செவ்வாயும் வெள்ளியும் நாடு முழுக்க வேட்டைக்குத் தடை. காட்டுப்பாதையில் நடக்க ஆசையென்றால் அந்த இரண்டு நாளில் நடங்கள். மற்ற நாளில் பளிச்சென்ற நிறத்தில் சட்டை.

விருந்தினர் கேட்டால்

வழி கேட்பார்கள், வைஃபை வரவில்லை என்பார்கள், இன்னொரு நாள் தங்க முடியுமா என்பார்கள். வழி சொல்லலாம். விலை, தேதி, பணம் பற்றிய எதற்கும் ‘கேட்டுச் சொல்கிறேன்’ என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காசை வாங்கி வைக்காதீர்கள்.

ஒத்துவரவில்லை என்றால்

ஒரு நாள் இரண்டு மணி நேரம் கூடுதலாக ஓடினால் விட்டுவிடலாம். அறுவடையும் சனிக்கிழமையும் அப்படித்தான். தினமும் அப்படியே போனால் மூன்றாம் நாளே பேசுங்கள், பத்து நாள் பொறுத்துக் கொதிக்க வேண்டாம். நல்ல நேரம் இரவுச் சாப்பாடு முடிந்து மேசையைத் துடைத்த பிறகு. ‘சிஞோரா, ஐந்து மணி நேரம் என்று பேசினோம், எட்டு ஆகிறது. எதை விடட்டும், சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். எதை விடுவது என்று அவரே தேர்ந்தெடுக்கும்படி கேட்டால் சண்டை ஆகாது. நல்ல வீடாக இருந்தால் மறுநாளே சரியாகும். ஆகாவிட்டால் கிளம்பிவிடுங்கள், அதற்கென்று இரண்டு இரவு விடுதிக்கும் ரயிலுக்கும் காசு தனியாக வைத்திருக்க வேண்டும். சாப்பாடு தராமல் இழுத்தடிப்பது, அத்துமீறித் தொடுவது, பாஸ்போர்ட்டைத் தர மறுப்பது இவற்றில் பேச்சுக்கே இடமில்லை. அவசர எண் 112.

கிளம்பும் நாள்

அதுவும் சனிக்கிழமையாக இருக்கக் கூடாது. உங்கள் கட்டிலை நீங்களே உரித்து, விரிப்பை மெஷின் பக்கத்தில் வைத்து, குப்பையைப் பிரித்துப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். உங்களுக்கு அடுத்து வருபவருக்காக எந்தச் சாவி எந்தக் கதவு, கோழித் தீவனம் எத்தனை குவளை, எந்தக் குழாய் ஒழுகும் என்று ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டினால் வீட்டம்மாவுக்கு அது பெரிய உதவி. அவர் எண்ணெய் டின் ஒன்று தந்தால் வேண்டாம் என்று இரண்டு தரத்துக்கு மேல் சொல்லாதீர்கள். 100 மில்லிக்கு மேல் திரவம் பல விமான நிலையங்களில் கைப்பையில் போகாது. டின்னை இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி, அழுக்குத் துணியில் சுற்றி, பெரிய பெட்டியின் நடுவில் வையுங்கள்.